எந்த விலங்குக்கு

ஜூலைக் குளிர். சமரேல் சரிவில்
கொய்யாப்புதர் நனைந்து கிடக்கிறது.
முப்பது பேர், கைக்கொரு கழி,
ஆளுக்கு ஆள் நாற்பதடி.
பதினேழாவது ஆள் சவுந்தாரி அர்னாசலோன்,
ஐந்து நாள் லெ மோர்ன் ஓட்டலில்
படுக்கை விரிப்பு மாற்றுகிறவள்,
சனிக்கிழமை மான் விரட்டுகிறவள்.

முதல் நாளே சொல்லிவிட்டான் கண்காணி ஜெரார்:
கூவுவது மானுக்காக இல்லை,
மான் உன் வாசனைக்கே ஓடிவிடும்.
கூவுவது பரணில் இருக்கும் துப்பாக்கிக்காக.
குரல் வருகிற புதர், ஆள்.
குரல் வராத புதர் அசைந்தால், மான்.
வாயை மூடினால்
உனக்குக் கொம்பு முளைத்துவிடும்.

அவரவர்க்கு அவரவர் கத்தல்.
சின்னப்பென் சீழ்க்கை அடிப்பான்,
பெர்ணார் மாட்டை ஓட்டுவதுபோல் ஹோ ஹோ.
மானைக் கண்ணால் கண்டால் மட்டும்
எல்லாருக்கும் ஒரே கூவல்:
தையோ!
அர்த்தம் யாரும் கேட்டதில்லை.
பிரெஞ்சுக்காரனின் ஐயோ என்று நினைத்திருந்தாள்.

இரண்டாம் விரட்டுக்கு முன் காப்பி.
இங்கிலாந்து விருந்தாளி ஆல்ட்ரிட்ஜ்
நோட்டுப் புத்தகத்தோடு வந்து உட்கார்ந்தான்.
எழுநூறு வருஷத்துக்கு முன்பு எங்கள் காட்டில்
படுத்திருக்கும் முயலைக் கண்டால்
ஸோ-ஹோ என்பார்களாம்.
நாயை முன்னே அனுப்ப
அவாந்த், சீர், அவாந்த்:
முன்னே போங்கள் ஐயா, முன்னே.
இங்கிலீஷ் மண், இங்கிலீஷ் முயல்,
நாய்க்கு மட்டும் பிரெஞ்சு.
சின்னப்பென் சிரித்தான்:
எங்கள் வீட்டில் நாய்க்கு கிரியோல்,
சாமிக்கு மட்டும் தமிழ்.
நாய்க்குப் புரிகிறது.

ஓடைக்குள் இறங்கினாள்.
மூடுபனி இடத்தையும் வலத்தையும் தின்றுவிட்டது.
காலையிலிருந்தே கரகரத்த தொண்டை
அங்கே அறுந்தது.
புதர் அசைந்தது. அசைத்தது அவள்தான்.
மேலே எங்கோ
இரும்பு இரும்பைத் தொடும் சின்னச் சத்தம்.

அப்போதுதான் பார்த்தாள்,
கைக்கெட்டும் தூரத்தில் ஒரு பெண்மான்,
மூக்கிலிருந்து ஆவி.
இரண்டு பேரும் ஒரே குழலுக்கு முன்னால்.

தை, என்றாள்.
ஓ வரவில்லை.
தை என்ற எழுத்திலேயே நின்றுகொண்டு
தொண்டை தனக்குத் தெரிந்த தையைத் தேடிப் போனது:
முதுகில் நூற்றெட்டு ஊசி, நாக்கில் வேல்,
பத்து நாள் விரதம், தார் இளகும் தெரு,
வாய் திறக்க முடியாத அண்ணனுக்காக
அவள் கூவிக்கொண்டே நடந்த நாலு மைல்.

அரோகரா.

பனிக்குள்ளிருந்து சின்னப்பென், அரோகரா.
அவனுக்கப்பால் இன்னொருவன்.
பெர்ணார் கத்தோலிக்கன், அவனும்.
முப்பதும் பிடித்துக்கொண்டு சரிவே முழங்கியது,
ஜெராரின் கெட்ட வார்த்தை அதில் மூழ்கிப்போயிற்று.

மான் வயிற்றுப் பெண்ணைத் தேடி
வேடன் வேஷம் கட்டி வந்தவனே,
மான் வேட்டைக்கு நடுவே கூப்பிட்டால்
நீ யார் பக்கம்?

பெண்மான் ஒரு காதைத் திருப்பியது.
அவள் இடுப்பை உரசாத குறையாக
வந்த வழியே பின்னால் போனது.
தையோ சொல்ல வேண்டிய இடம்.
அவள் சொல்லவில்லை.

சாயங்காலம் ஜெரார் அரை நாள் கூலியைப் பிடித்துக்கொண்டான்.
இறைச்சியில் கைவைக்கவில்லை:
நாலு கிலோ, செய்தித்தாளில் சுற்றி, கசிந்துகொண்டு.

ஆல்ட்ரிட்ஜ் வந்தான். தலை நிமிரவில்லை.
விரலை வைத்துவிட்டேன், என்றான்.
தெரியும், என்றாள்.
கொஞ்ச நேரம் மழை பெய்வதைப் பார்த்தார்கள்.
பிறகு அவன் நோட்டைத் திறந்தான்,
முயலுக்கு எதிரே ஒன்று, கலைமானுக்கு எதிரே ஒன்று,
கோடு போட்டு வைத்திருக்கிறான்.
அந்தக் கூவல், என்றான்,
எந்த விலங்குக்கு?

பொட்டலத்தை மறு கைக்கு மாற்றினாள்.
மயிலுக்கு, என்றாள்.

எழுதிக்கொண்டான்.
அதில் எத்தனை ர, என்று கேட்டான்.
அது மூச்சைப் பொறுத்தது, என்றாள்.